கடனைக் குறைக்கச் சிறு வருமானமும் சிக்கனமும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் தண்டல், நகைக்கடன், குழுக்கடன், கைமாத்து எல்லாம் சேர்ந்து திணறும் குடும்பங்களுக்காக எழுதியது. கணக்குகளில் போட்டிருக்கும் பொருள் விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே குழப்பமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டிலிருந்து. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கொடுத்தவர் யார், கையில் வாங்கிய தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, நிற்கும் அசல் எவ்வளவு, தவணை எந்தக் கிழமை, ஈடாக என்ன கொடுத்திருக்கிறீர்கள், ஜாமீன் கையெழுத்து யார் என்று எழுதுங்கள். கடைப் பாக்கி, எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, சொந்தக்காரருக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த குழுக்கடன், இவையும் அதில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறைப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதாவிட்டால் இந்த நோட்டு பாதிதான் உண்மை சொல்லும்.

பிறகு எல்லாக் கடனையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் வட்டி? வங்கியும் நிதி நிறுவனமும் ஆண்டு வட்டியைக் கடன் விவர அட்டையில் அச்சிட்டிருப்பார்கள், அதை 12 ஆல் வகுத்தால் போதும். ஆண்டுக்கு 24 சதம் என்றால் இரண்டு வட்டி.

தண்டலில்தான் ஏமாந்துபோகிறோம். 10,000 ரூபாய் தண்டலுக்கு 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500க்கு 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கையில் சராசரியாக இருந்த பணம் ஏறக்குறைய 4,250தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் மாதத்துக்குப் பத்து வட்டிக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த வீட்டில் அடுத்த தண்டல் அவ்வளவு சுலபமாக எடுக்க மாட்டார்கள்.

எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும்?

வட்டி அதிகமான கடனை. அது சின்னத் தொகையாக இருந்தாலும் சரி, கொடுத்தவர் தன்மையானவராக இருந்தாலும் சரி. விதிவிலக்கு ஒன்றுதான்: ஏல நோட்டீஸ் வந்துவிட்ட நகைக்கடன். அதற்கு வட்டியையாவது உடனே கட்டி நகையைக் காப்பாற்றிவிட்டு மறுபடி வரிசைக்கு வாருங்கள்.

50,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு நிற்கிறது என்று வையுங்கள். மாதம் 2,500 வட்டி மட்டும் கட்டினால் பத்து மாதத்தில் 25,000 போயிருக்கும், 50,000 அப்படியே நிற்கும். அதே கடனுக்கு மாதம் 4,000 கூடுதலாகச் சேர்த்து 6,500 கட்டி, குறைந்த அசலுக்கு மட்டும் வட்டி போடச் சொன்னால், பத்தாவது மாதம் கடன் முடிந்துவிடும். மொத்த வட்டி ஏறக்குறைய 14,700. இந்தப் பக்கத்தில் பின்னால் சொல்லும் சிறு வருமானம் எல்லாம் அந்த 4,000 ரூபாய்க்காகத்தான்.

வட்டிக்காரர் அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன், மொத்தமாகத்தான் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பலர் அப்படித்தான் சொல்வார்கள். மாதாமாதம் வரும் வட்டிதான் அவர்களுக்கு வருமானம், அசல் குறைந்தால் அதுவும் குறையும். நான்கில் ஒரு பங்கு அசலையாவது ஒரே தடவையில் கொண்டுபோய், எழுத்தில் வரவு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் கூடுதல் பணத்தை வீட்டில் வைக்காமல் வங்கியிலோ தபால் அலுவலகச் சேமிப்பிலோ தனிக் கணக்கில் போட்டுச் சேருங்கள். இல்லையென்றால் வட்டி குறைந்த கடனாக மாற்றுங்கள்.

மாற்றுவது என்றால் நகையை வைத்து அடைப்பதா? கடனுக்குக் கடன் வாங்குவது தப்பில்லையா?

வட்டி குறைகிறதா என்பதே கேள்வி. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டியை ஒட்டித்தான் இருக்கும். 50,000 ரூபாயை ஐந்து வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு மாற்றினால் மாதம் 2,000 ரூபாய் மிச்சம். இரண்டு வாரம் தினமும் மாவு ஆட்டி விற்றால் கிடைக்கும் தொகை இது. ஆகவே வட்டியைக் குறைப்பதுதான் முதல் கூடுதல் வருமானம். அதை முடித்துவிட்டு வேலை தேடுவதே சரியான வரிசை.

நகை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. எல்லா நகையையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். வளையல் ஒரு கடன், சங்கிலி ஒரு கடன், கம்மல் ஒரு கடன் என்று தனித்தனியாக வையுங்கள். 15,000 சேர்ந்ததும் சின்ன நகையை முதலில் திருப்பலாம், அந்த அளவு வட்டியும் குறையும். ஒரே கடனாக வைத்தால் முழுத் தொகையும் சேரும்வரை பெரும்பாலும் ஒன்றையும் வெளியே எடுக்க முடியாது. இன்னொன்று, ஆண்டுக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி அப்படியே மாற்றி வைப்பது பழக்கமாகிவிடும். மாதம் 500 ஆனாலும் கடனில் நேராக வரவு வையுங்கள், இடையில் கட்டுவதை வங்கிகள் வாங்கிக்கொள்ளும். நகை வைத்து வந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வேறு செலவுக்குப் போகக் கூடாது. அன்றைக்கே வட்டிக்காரர் கணக்கை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

நிலமோ மாடோ இருப்பவர்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கேளுங்கள். கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. பிசான நெல் சாகுபடிக்கு உரம் வாங்க மூன்று வட்டிக்கு எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள், வெற்றுக் காசோலையைக் காட்டி மிரட்டுகிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

உண்டு. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிவாரணம் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. கடன் வசூலில் அடாவடி செய்வதைத் தடுக்க 2025இல் தமிழக அரசு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது.

புகாருக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். வாங்கிய தேதி, கையில் வந்த தொகை, கட்டிய ஒவ்வொரு தொகையும் தேதியோடு, ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதன் பதிவு, மிரட்டிய குரல் பதிவு, ஈடாக வாங்கி வைத்திருக்கும் ஏடிஎம் அட்டை, ரேஷன் கார்டு, பத்திரம் இவற்றின் விவரம், எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். காவல் நிலையத்தில் மனு ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும், தொலைபேசி 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

2017 அக்டோபரில் அதே ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே உயிரை விட்டது இந்த மாவட்டத்துக்கு மறக்காது. எந்தக் கடனுக்கும் உயிர் ஈடில்லை. மனம் அந்தப் பக்கம் போகிறது என்றால் 14416 அல்லது 104 எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

குழுக்கடன் வசூலுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கேட்க முடியுமா?

கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி நுண்கடன் (குழுக்கடனும் இதில்தான் வரும்) வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கவும் கூடாது. முன்கூட்டியே முடித்தால் அபராதம் போடக் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448. தனியார் வட்டிக்காரர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அவர்களுக்கு மேலே சொன்ன காவல்துறை வழிதான்.

செலவைக் குறைக்கச் சொன்னால் எல்லாரும் டீயை நிறுத்து என்கிறார்கள். உண்மையில் எங்கே குறையும்?

டீயை விடுங்கள். மாதாமாதம் தானாகப் போகும் பணத்தைப் பாருங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு கணக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நம் வெயிலுக்கு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் அதே நேரத்துக்கு 27 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். எந்த ஃபேன் அதிகம் ஓடுகிறதோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள், அதுவும் கையில் காசு இருக்கும்போது, தவணைக்கு அல்ல. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். கோடையில் பில் திடீரென்று எகிறுவதற்கு இதுதான் காரணம். ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிட்டால், 480இல் நிற்கும்போதே சுதாரித்துக்கொள்ளலாம்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கடை விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டில் மட்டுமே மாதம் 150 ரூபாய்க்கு மேல் நிற்கும். ‘இன்னும் வரவில்லை’ என்று ஒரு தடவை திரும்பியவர்கள் அந்த மாதம் மறுபடி போவதில்லை, விட்டுப்போவது அங்கேதான்.

சமையலில் இந்த மண்ணுக்கு மலிவான சத்து உண்டு: காணம் (கொள்ளு), முருங்கைக் கீரை, சாளை மீன், உளுந்தஞ்சோறு. விலை ஏறிய காய்க்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் காணத் துவையலும் கீரையும் வைத்தால் யாருக்கும் குறையில்லை. மளிகையை மாதத்துக்கு ஒரே தடவை சீட்டு எழுதி வாங்குங்கள். தினம் கடையில் பற்று வைத்து வாங்குகிறவர்கள் விலை கேட்பதே இல்லை.

குறைக்கவே கூடாதவையும் உண்டு. பிள்ளைகளின் முட்டை, பால். சர்க்கரை, பிரஷர் மாத்திரை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும். சம்பாதிக்கிறவர் போய்விட்டால் குடும்பத்துக்கு வரும் 2 லட்சம்தான் அந்தக் கடன் பிள்ளைகள் தலையில் விழாமல் தடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஓடுவது கஷ்டம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைக்கு வெளியே கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்கள் பல.

கல்யாணச் சுருள் (மொய்), கோயில் கொடை வரி, பொங்கல்படி (பொங்கல் சீர்) இவற்றைத் தவிர்க்க முடியவில்லையே?

தவிர்க்கச் சொல்லவில்லை. வருவது முன்பே தெரிந்த செலவுக்கு வட்டிக்கு வாங்காதீர்கள் என்பதுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, கொடை எந்த மாதம், பள்ளிக் கட்டணம் எப்போது, தீபாவளி, மகளுக்குப் பொங்கல்படி, ஆவணி, தை மாதக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் தொகையோடு போடுங்கள். கூட்டி 12 ஆல் வகுத்து அந்தத் தொகையை மாதாமாதம் தனியே எடுங்கள். ஆண்டுக்கு 18,000 வந்தால் மாதம் 1,500. தொகை தாங்காது என்றால் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை இப்போதே குறையுங்கள், மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள். நமக்கு வந்த சுருளை எழுதிய பழைய நோட்டைப் பார்த்து அதே அளவு திருப்பிச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே முதல் அதிகம் போடாமல் என்ன தொழில் செய்யலாம்? இட்லி மாவு ஓடுமா?

கிரைண்டர் ஏற்கெனவே இருந்தால் ஓடும். இதற்காகத் தவணைக்குக் கிரைண்டர் வாங்கினால் முதல் ஆறு மாதம் தவணைக்காரருக்கு உழைப்பதாக ஆகும்.

அளவு: இட்லி அரிசி 4 பங்கு, உருட்டு உளுந்து 1 பங்கு, கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நான்கு மணி நேரம், உளுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊற வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிடமாவது ஆட்டுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். நீரை மொத்தமாக ஊற்றினாலும், கல் சூடேறினாலும் உளுந்து பொங்காது, அன்றைய இட்லி கல்லாகிவிடும். உப்பு போர் தண்ணீர் வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய் நீரில் ஆட்டுங்கள். கிலோ அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் சுமார் 3 கிலோ மாவு கிடைக்கும்.

கணக்கு இது. அரிசி 3 கிலோ 150 ரூபாய், உளுந்து 750 கிராம் 105, வெந்தயமும் உப்பும் 10, கவர் 15, கரண்ட் 10, ஆக 290. ஒன்பது கிலோ மாவை 50 ரூபாய் வீதம் விற்றால் 450. நாளைக்கு 160 நிற்கும், மாதம் 26 நாளுக்கு 4,160. ஆனால் தினமும் இரண்டு கிலோ விற்காமல் நின்றால் 160 என்பது 60 ஆகிவிடும். இந்தத் தொழிலில் லாபத்தைத் தீர்மானிப்பது மீதம்தான். அதனால் முதல் நாள் ராத்திரியே யாருக்கு எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு அந்த அளவுக்கு மட்டும் ஊறப்போடுங்கள். முதல் மாதம் நாளைக்கு ஒரு கிலோ அரிசிக்கு மேல் போகாதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கி, கவர் பலூனாகிப் புளித்துவிடும். அந்த மாதங்களில் மாலையில் ஆட்டி, புளிக்காத மாவாகவே உடனே கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவர் வீட்டில் புளிக்கட்டும். எடை போட மின்னணுத் தராசு கட்டாயம். குத்துமதிப்பாக ஊற்றிக் கொடுத்தால் கிலோவுக்கு 50 கிராமாவது கூடப் போகும், ஒன்பது கிலோவில் அரைக் கிலோ அப்படியே போய்விடும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், எடுத்துக்கொள்ளுங்கள். பற்று ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

வத்தல், வடகம் போட்டு விற்பது?

மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல தொழில். ஈரக்காற்று அடிக்கும் நாளில் போட்டால் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் குப்பைக்குப் போகும். சீனியவரை வத்தல், சுண்டவத்தல், மிதுக்கவத்தல் இவற்றுக்கு வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் தேவை உண்டு. கோடை விடுமுறைக்கு வந்து போகிறவர்கள் கிலோ கணக்கில் வாங்குவார்கள்.

மோர் மிளகாய்க்கு: ஒரு கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கீறி, ஒரு லிட்டர் கெட்டியான புளித்த மோரும் 100 கிராம் உப்பும் சேர்த்து ஊறவையுங்கள். பகலில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு, பிறகு நான்கைந்து நாள் நன்றாகக் காயட்டும். ஒடித்தால் சத்தம் வர வேண்டும். ஒரு கிலோ மிளகாய்க்குக் கால் கிலோ அளவுதான் தேறும். விலை வைக்கும்போது பலர் இதை மறந்து பச்சை மிளகாய் விலையின் இரண்டு மடங்கு போதும் என்று நினைப்பார்கள். அது நஷ்டம். மிளகாய், மோர், உப்பு, கவர் எல்லாம் கூட்டி, நான்கால் பெருக்கினால்தான் ஒரு கிலோவின் அசல் விலையே வரும். உங்கள் கூலி அதற்கு மேல்.

அப்பளம் வேறு விஷயம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பெயர் இருப்பதால் வாங்குகிறவர்கள் அந்தத் தரத்தோடு ஒப்பிடுவார்கள். மாவு பிசையும் பக்குவமும் அப்பளக்காரத்தின் அளவும் கைவராமல் விற்க இறங்காதீர்கள். அந்த ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் கூலிக்கு இட்டுக் கொடுப்பது நல்லது.

ஆடு, கோழி வளர்த்தால் கடன் அடையுமா?

அடையும், ஆனால் மெதுவாக. மாதத் தவணையை ஆட்டை நம்பி ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டுப் பணம் மொத்தமாக வரும், அதனால் அசலைக் குறைக்கத்தான் பொருத்தம்.

இந்தக் கரிசலுக்கும் வெயிலுக்கும் கன்னி ஆடு தாங்கும். கறுப்பு உடம்பில் முகத்திலும் காதிலும் வெள்ளைக் கோடு ஓடும் இனம், இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். சினைக்காலம் ஐந்து மாதம், நன்றாகப் பார்த்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. இரண்டு பெட்டையோடு ஆரம்பியுங்கள். தீவனம் விலைக்கு வாங்கிப் போட்டால் லாபம் இல்லை. அகத்தி, வேலிமசால், கருவேலங்காய் என்று சுற்றியிருப்பதைக் கொண்டு வளர்க்க முடிந்தவர்களுக்கே இது. மழைக்காலத்துக்கு முன்பு, புரட்டாசிக்குள், துள்ளுமாரித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் இளம்புல் மேய்ந்த ஆடுகள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாவது பெரும்பாலும் இதை விட்டதால்தான். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தனித் தடுப்பூசி, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சந்தேகத்துக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிடாயைப் பக்ரீதை ஒட்டி விற்பதுபோல் குட்டி ஈற்றைத் திட்டமிடுங்கள். வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் கொடுக்குமுன் மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தை விலையை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நாட்டுக்கோழிக்கு முதல் இன்னும் குறைவு. ஐந்து பெட்டை, ஒரு சேவல். முட்டையிட்டு ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையை அடை வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் வைக்கவே வேண்டாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கருக்கொண்ட முட்டையில் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். குஞ்சுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் முகாமை விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் ஒரு தடவை தெருவுக்குள் வந்தால் ஊசி போடாத வீட்டில் ஒரு வாரத்தில் பஞ்சாரம் (கோழிக் கூடை) காலியாகிவிடும்.

பீடி சுற்றுகிறோம். அதில் ஏதாவது கூடுதலாக எடுக்க முடியுமா?

புதிதாக யாரையும் அந்த வேலைக்குப் போகச் சொல்ல மனம் வரவில்லை. புகையிலைத் தூசி நெஞ்சைக் கெடுக்கும், கழுத்தும் இடுப்பும் போகும். ஏற்கெனவே சுற்றுகிறவர்கள் தங்களுக்கு உரியதை விடாமல் இருக்க வேண்டும். பாஸ்புக் உங்கள் பெயரில்தானா, அல்லது இன்னொருவர் பெயரில் சுற்றுகிறீர்களா? இரண்டாவது என்றால் பி.எஃப். பணம் உங்களுக்கு வராது. பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘லட்சுமி’ ஒரு இடத்தில், ‘இலட்சுமி’ ஒரு இடத்தில் என்றிருந்தாலே பணம் எடுக்கும்போது நின்றுவிடும். மருத்துவம், படிப்பு, கல்யாணத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து முன்பணம் எடுக்க வழி உண்டு. ஐந்து வட்டிக்கு வாங்குமுன் அதைக் கேட்டுப் பாருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் இருக்கிறது.

தையல் தெரியும். ஆனால் நிறையப் பேர் தைக்கிறார்களே?

ரவிக்கைக்குப் போட்டி அதிகம். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, முந்தானைக் குச்சம் போடுவது, பள்ளிச் சீருடை அளவு பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைப் பெரிய தையல்காரர்கள் எடுக்க மாட்டார்கள். ஜவுளிக் கடைகளில் பேசி வைத்தால் ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் வேலை குவியும். சீருடைக்கு மே கடைசியும் ஜூனும். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் கிராமியச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சாப்பாட்டோடு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், செல்போனில் லைக் போட்டால் தினம் ஆயிரம் என்று வருகிறதே?

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், டெபாசிட், ‘முதல் டாஸ்க்குக்கு 500 போடுங்கள்’, எல்லாம் ஒரே வகை. முதலில் 150, 200 திருப்பித் தந்து நம்பவைப்பார்கள், பெரிய தொகை போட்டதும் காணாமல் போவார்கள். பணம் போய்விட்டால் அந்த மணி நேரத்திலேயே 1930க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. செல்போன் கடன் செயலிகளும் வேண்டாம், தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க அசிங்கப்படுத்துவார்கள்.

சீட்டு எடுத்துக் கடனை அடைக்கலாமா?

பதிவு பெற்ற சீட்டு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 லட்ச ரூபாய்ச் சீட்டை ஆரம்பத்திலேயே ஏலத்தில் 25,000 தள்ளி எடுத்தால் கையில் 75,000, கட்ட வேண்டியது லட்சத்தை ஒட்டி. ஐந்து வட்டிக் கடனை அதனால் முடிக்கலாம், நகைக்கடனை முடிக்க எடுத்தால் நஷ்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துகிறவர் கமிஷன் அதிகபட்சம் 7 சதம். பதிவில்லாத தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு எதிலும் கடனில் இருக்கும்போது சேராதீர்கள். சேமிப்பு என்று நினைத்துக் கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் அதைவிட அதிக வட்டி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடன் முடிந்ததும் வட்டிக்காரரிடம் என்னென்ன திரும்ப வாங்க வேண்டும்?

பணத்தைக் கொடுக்கும் அதே இடத்தில், சாட்சியாக ஒருவரை வைத்துக்கொண்டு, புரோநோட்டு, வெற்றுக் காசோலை, கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரம், ஏடிஎம் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் வாங்குங்கள். ‘அப்புறம் தேடித் தருகிறேன்’ என்றால் கடைசித் தவணையைக் கொடுக்காமல் காத்திருங்கள். கணக்கு முடிந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று தேதி, தொகையோடு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசித் தொகையை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புவது நல்ல சாட்சி. புரோநோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இடையில் அதன் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. முடிந்துபோன கடனுக்கு நோட்டீஸ் வருவது இதனால்தான். காசோலை தொலைந்துவிட்டது என்று சொன்னால், அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று அன்றே வங்கியில் எழுதிக் கொடுத்து, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள். திரும்பி வந்த புரோநோட்டில் கையெழுத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டுவிட்டு அதையும் அந்த நோட்டோடு வைத்திருங்கள், கிழித்து எறிய வேண்டாம்.